நெடுந்தூரம் ஓடும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?



பதினைந்து வயது மகள் பாடசாலையின் நெடுந்தூர ஓட்டக் குழுவில் சேர்ந்துவிட்டாள், முழுமையான பயிற்சிப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று நிற்கிறாள், எதை வாங்குவது என்று ஒரு தாய் கேட்டு எழுதியிருக்கிறார். தகப்பனாருக்கு இந்த ஓட்டத்திலேயே விருப்பமில்லையாம். அதை அவர்களே பேசித் தீர்க்கட்டும். நாம் புத்தகத்துக்கு வருவோம்.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். இந்த நூல்கள் விலை கூடியவை. பொது நூல்நிலையத்தில் இவை இருக்கலாம், இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். சில கிழமை வீட்டில் வைத்துப் பார்த்தபின் காசைச் செலவழிக்கலாம்.

எல்லாம் அடங்கிய நூல் என்று பலரும் காட்டுவது தென்னாபிரிக்க வைத்தியர் ரிம் நோக்ஸ் எழுதிய 'லோர் ஒஃப் ரன்னிங்'. 1985 இல் வெளிவந்தது. நான்காம் பதிப்பு 900 பக்கங்களைத் தாண்டும். உடல் ஏன் களைக்கிறது, காயம் எப்படி வருகிறது என்று விரிவாகச் சொல்கிறது. ஆனால் அதில் மாச்சத்து உணவு பற்றித் தாம் எழுதியதை நோக்ஸே பின்னர் மறுத்துவிட்டார். அவருடைய புதிய கருத்தையும் உணவுத்துறையினர் பலர் ஏற்கவில்லை. ஆகவே சாப்பாட்டுக்கு அந்த நூலை நம்ப வேண்டாம். ஓடுகிற பிள்ளைக்குச் சோறும் பருப்பும் மீனும் நல்ல சாப்பாடுதான்.

பீற் ஃபிட்சிங்கரும் ஸ்கொட் டக்ளசும் எழுதிய 'அட்வான்ஸ்ட் மரதனிங்' நல்ல நூல், ஆனால் வளர்ந்தவர்களுக்கு. அதிலுள்ள இலகுவான திட்டமே கிழமைக்கு 55 மைல் வரை போகிறது. பதினைந்து வயதுக் கால் அதைத் தாங்காது.

என் தெரிவு ஜாக் டானியல்ஸ் 1998 இல் வெளியிட்ட 'டானியல்ஸ் ரன்னிங் ஃபோர்முலா'. பிள்ளை அண்மையில் ஓடிய போட்டி நேரத்தைக் கொண்டு, எந்தப் பயிற்சியை எந்த வேகத்தில் ஓடுவது என்று அட்டவணையில் பார்க்கலாம். 5 கிலோமீற்றரை 20 நிமிடத்தில் ஓடுபவர், சற்றுக் கடினமான பயிற்சியில் ஒரு கிலோமீற்றருக்கு 4 நிமிடம் 15 செக்கன் அளவில் ஓடினால் போதும். இலகு ஓட்டத்தில் 5 நிமிடத்துக்கும் மேல் எடுக்க வேண்டும். இந்த இலகு ஓட்டம்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடாத விடயம். தினமும் போட்டிபோல் ஓடி, பருவம் முடியுமுன் காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். திட்டங்களை அப்படியே பின்பற்றாமல், புத்தகத்தைப் பயிற்சியாளரிடம் காட்டி, எவ்வளவு தூரம் என்பதை அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு திட்டத்தைச் சேர்த்து ஓடுவது ஆபத்து.

தாய்மார் கவனிக்க வேண்டியது வேறொன்று. எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று எந்தப் புத்தகமோ தோழியோ சொன்னாலும் விடாதீர்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு மெலிந்து வெடிக்கும். 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவே இதைத் தனி நோயாகப் பெயரிட்டு எச்சரித்தது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், "ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் குடும்ப வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில், விரலால் அழுத்தினால் நோகிறது என்றாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். எப்போதும் களைப்பாக இருந்தால் இரும்புச்சத்துக்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் நேரம் எடுக்கும்போதே சொல்லுங்கள். மகளையே மொழிபெயர்க்க வைத்தால் இந்த விடயத்தைப் பாதியில் விழுங்கிவிடுவாள்.

காசு மிஞ்சினால் நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.