ஒரே கூட்டம்... இரண்டு செய்தி!



போன வாரம் வடபழனியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி ஏழு மணி. டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கட்சியின் பொதுக்கூட்டம். 'அலைகடலெனத் திரண்ட மக்கள்' என்றார் செய்தி வாசிப்பவர். ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் ரிமோட்டை அமுக்கினான். அடுத்த சேனலிலும் அதே கூட்டம். ஆனால், வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்!

"மாமா, இதுல யார் பொய் சொல்றாங்க?" என்றான்.

"ரெண்டு படமும் நிஜமாவே இருக்கலாம்டா" என்றேன். அவன் நம்பவில்லை.

வடபழனி வித்தை!

இதற்கு விடை அவன் தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடபழனி என்றால் முருகன் கோயிலுக்கு அடுத்து எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சினிமா ஸ்டுடியோக்கள்தானே! காரைக்குடியில் இருந்த ஏவி.எம். ஸ்டுடியோ 1948ல் இங்கே வந்தது. இங்குள்ள சினிமாக்காரர்களுக்கு ஒரு வித்தை அத்துப்படி. ஐம்பது பேரை நெருக்கமாக நிற்க வைத்து, கேமராவைத் தாழ்வாக வைத்துப் படம் பிடித்தால் பெருங்கூட்டம் போலத் தெரியும். அதே ஐம்பது பேரை மாடியில் இருந்து எடுத்தால், சுற்றியுள்ள காலி இடம்தான் பளிச்சென்று தெரியும்.

"அப்போ, கேமராவை எங்க வைக்கணும்னு யார் முடிவு பண்றாங்க?" என்று கேட்டான் பையன்.

சபாஷ்! இதுதான் சரியான கேள்வி.

சேனல் யாருடையது?

ஒரு காலத்தில் நமக்கு ஒரே டி.வி.தான். 1975ல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது. அது மத்திய அரசின் கையில் இருந்தது. 1993ல் தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்தது. அதைத் தொடங்கியவர் கலாநிதி மாறன், தி.மு.க. தலைவர் கருணாநிதியின் அக்கா பேரன். பல ஆண்டுகள் அதன் அலுவலகமே தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலயத்தில்தான் இருந்தது. 1999ல் அ.தி.மு.க. பக்கம் ஜெயா டி.வி. வந்தது. அன்று முதல், ஒரு சேனல் காட்டாததை இன்னொரு சேனல் காட்டும்!

2007ல் ஒரு திருப்பம். சன் குழுமத்தின் 'தினகரன்' நாளிதழ், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. அதில் கோபம் கொண்ட கும்பல், மே 9ம் தேதி மதுரையில் அந்த நாளிதழ் அலுவலகத்துக்குத் தீ வைத்தது. மூன்று ஊழியர்கள் இறந்து போனார்கள். அரசியல் சண்டைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. வேலைக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். 2019ல்தான், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அந்த மனஸ்தாபத்துக்குப் பின், 2007 செப்டம்பர் 15ல் கலைஞர் டி.வி. பிறந்தது. எதிர் முகாமிலும் இதே கதைதான். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. பிளவுபட்டது. ஜெயா டி.வி. ஒரு தரப்பிடம் போனதும், 2018ல் கட்சிக்காரர்கள் நியூஸ் ஜெ. என்ற சேனலைத் தொடங்கினார்கள். கவனித்தீர்களா? வீடு இரண்டானால் டி.வி.யும் இரண்டாகிறது!

'அரசியல் கட்சிகளை டி.வி. நடத்த விடக்கூடாது' என்று டிராய் அமைப்பு மத்திய அரசுக்கு 2008லும், மறுபடி 2012லும் பரிந்துரை செய்தது. தொலைபேசி, டி.வி. துறைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பு அது.

பாங்காக்கில் ஒரு மாலை

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்தா? இல்லை. ஒரு சனி, ஞாயிறு தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்குக்குப் போய் வந்தேன். அங்கே சீலோம் சாலையில், நம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது! கும்பிட்டுவிட்டு அதே சாலையில் நேராக நடந்தால் லும்பினி பூங்கா. உடும்பு மாதிரியான பெரிய பெரிய பிராணிகள் ஏரிக்கரையில் சாவகாசமாக உலாவுகின்றன. மாலை ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலித்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள்.

இந்தப் பூங்காவுக்கு ஒரு கதை உண்டு. 1992ல் பாங்காக்கில் மக்கள் போராடியபோது ராணுவம் சுட்டது. பலர் இறந்தார்கள். அரசு, ராணுவ டி.வி.க்கள் அதை மறைத்தன. 'எங்களுக்கு யாருக்கும் கட்டுப்படாத டி.வி. வேண்டும்' என்று மக்கள் கேட்டார்கள். 1996ல் ஐடிவி என்ற சேனல் வந்தது. ஆனால், 2000ல் அதை வாங்கியது யார் தெரியுமா? அரசியல்வாதியும் தொலைபேசி முதலாளியுமான தக்சின் ஷினவத்ராவின் குடும்ப நிறுவனம்! மறு ஆண்டு அவர் பிரதமரானார். செய்தியில் தலையிடுகிறார்கள் என்று புகார் சொன்ன 23 செய்தியாளர்கள் வேலை இழந்தார்கள்.

சோந்தி லிம்தோங்குல் என்ற பத்திரிகை முதலாளி முதலில் தக்சினின் ஆதரவாளர். பின்பு எதிரியானார். 2005ல் அவருடைய டி.வி. நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் சும்மா இருப்பாரா? லும்பினி பூங்காவில் மேடை போட்டு, தன் செயற்கைக்கோள் சேனலில் ஒளிபரப்பினார். ஆயிரக்கணக்கில் கூட்டம்! மஞ்சள் சட்டைக்காரர்களின் போராட்டமாக அது வளர்ந்தது. 2006 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்து தக்சின் ஆதரவாளர்கள் சிவப்புச் சட்டை போட்டார்கள். அவர்களுக்கும் தனி சேனல்! 2010ல் அரசு அதை முடக்கியபோது, ஒளிபரப்பு நிலையத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அந்த ஆண்டு மோதல்களில் 90க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒவ்வொரு தரப்பும் தன் சேனலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், எதிரில் நிற்பவர் மனிதராகவே தெரிய மாட்டார், இல்லையா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்த ஐடிவி இருந்த இடத்தில் 2008ல் 'தாய் பிபிஎஸ்' என்ற பொதுச் சேனல் வந்தது. அதற்குப் பணம்? மது, புகையிலை மீதான வரியில் இருந்து! எந்த முதலாளியையும் நம்பி இருக்க வேண்டாம் என்பதற்காக இந்த ஏற்பாடு.

நீங்களே நீதிபதி!

இரண்டு கட்சிக்கும் சேனல் இருப்பதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஒருவர் மறைப்பதை மற்றவர் சொல்லிவிடுவார். ஆனால், ரிமோட்டை மாற்றிப் பார்த்தால்தான் அந்த லாபம்!

அக்கா மகனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். நடுவில் கோடு போட்டு, இரண்டு சேனல் சொன்னதையும் எழுதச் சொன்னேன். பிறகு, 'அலைகடலென', 'படுதோல்வி', 'வரலாறு காணாத' போன்ற வார்த்தைகளை எல்லாம் அடிக்கச் சொன்னேன். மிச்சம் என்ன? ஊர், தேதி, பேசியவர், பேசிய விஷயம். எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி!

"மாமா, அடிச்சது எல்லாம் அவங்க ஆசை. மிச்சம் இருக்கிறதுதான் செய்தி!" என்றான்.

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டான்! இன்று ராத்திரி நீங்களும் ஒரு செய்தியை எடுத்து இப்படிச் செய்து பாருங்கள். அப்பா, அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை வார்த்தை அடித்தீர்கள் என்று எண்ண மறக்காதீர்கள், சரியா?