காலி வயிறும் காலை நாலு மணியும்

கையில் இட்லித் தட்டோடு இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் தயவுசெய்து சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வரவும். இந்த வாரச் சமாசாரம் அப்படி.

கொஞ்ச நாளாக, காலையில் போகிறபோது ரத்தம் வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தே வேலை பார்க்கிற ஆசாமிக்கு மூலம் வராமல் வேறென்ன வரும் என்று நானே டாக்டராகி, நானே பேஷண்ட்டாகி, ஒரு களிம்பு வாங்கித் தடவி ஆறு மாதம் ஓட்டினேன். நிஜ டாக்டர் அதை ரசிக்கவில்லை.

"மூலமா இருக்கலாம் சார். இல்லாமலும் இருக்கலாம். உள்ளே பார்த்துடுவோம்."

கொலோனாஸ்கோப்பி. பின்வாசல் வழியாக காமிரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடல் பூரா ஒரு சுற்று சுற்றி வருவது. சுமார் ஒன்றரை மீட்டர் சந்து. டெஸ்ட் ஒன்றுமே இல்லை, மயக்க ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுகிறார்கள். அதற்கு முன் சந்தைக் காலி செய்து கொடுக்க வேண்டுமே, அங்கேதான் மனுஷன் மாட்டுகிறான்.

நம் ஊரில் வயிறு விஷயத்தில் எல்லோரும் எம்.பி.பி.எஸ். மாமியார் விளக்கெண்ணெய்க் கட்சி. "ரெண்டு கரண்டி போதும் மாப்பிள்ளை, எங்க காலத்துல வேற என்ன இருந்துச்சு?" அதில் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே இந்த டெஸ்ட்டுக்கு விளக்கெண்ணெய், எனிமா, மூன்று நாள் கஞ்சித் தண்ணீர் என்றுதான் வாட்டினார்கள்.

ஆபீஸில் எங்கள் சூப்பரின்டெண்ட் வேறு கட்சி. "ரெண்டு லிட்டரா? ஏமாத்தறாங்க சார்! நான் பண்ணிக்கிட்டப்போ சின்ன பாட்டில். 45 மில்லி. லெமன் ஜூஸ்ல கலந்து ஒரே மடக்கு!"

டாக்டரிடம் போய் எனக்கும் அந்தச் சின்ன பாட்டில் என்று கேட்டேன். அது சோடியம் பாஸ்பேட்டாம். அளவு சின்னது, ஆனால் உடம்பில் இருக்கிற தண்ணீரையே குடலுக்குள் இழுத்துத்தான் கழுவும். சிலருக்குக் கிட்னி கெட்டுப்போனதால் அமெரிக்காவில் 2008-ல் எச்சரிக்கை விட்டார்கள். சீட்டில்லாமல் கடையில் விற்ற பாட்டில்கள் அந்த வருஷமே வாபஸ்.

"இனிப்பா ஏதாவது...?" என்று இழுத்தேன்.

"மானிடால்னு ஒண்ணு. அதைக் குடலில் இருக்கிற பாக்டீரியா சாப்பிட்டு ஹைட்ரஜன் விடும். உள்ளே கரண்ட் வைச்சு எதையாவது அறுக்கும்போது பத்திக்கிட்டா வெடிக்கும்."

நான் பேசாமல் ரெண்டு லிட்டருக்கு ஒப்புக்கொண்டேன்.

இந்த ரெண்டு லிட்டர் சமாசாரத்தின் பெயர் பாலிஎதிலீன் கிளைக்கால். அளந்து வைத்த உப்புகளும் சேர்த்து 137 கிராம் பவுடர். உடம்பு இதை உறிஞ்சாது. தன் தண்ணீரையும் இதற்குத் தராது. குடித்தது குடித்தபடி வழியில் இருப்பதை வாரிக்கொண்டு வெளியே போய்விடும். 1980-ல் வந்த கண்டுபிடிப்பு. ருசி? எலுமிச்சை வாசனை போட்ட கடல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நான் செய்த திருட்டுத்தனம்: முதல் நாள் மத்தியானம் ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவு உபசார விருந்து. தக்காளி பிரியாணி. மனசு கேட்கவில்லை. ராத்திரி ஒன்றரை லிட்டர் வரை குடித்தேன். பாக்கியை வாஷ்பேசின் குடித்தது. மனைவியிடம் காலி பாட்டிலைக் காட்டி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் மயக்கம் தெளிந்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை: "தக்காளி விதை!"

இதற்கு மார்க் வேறு போடுகிறார்கள். பாஸ்டன் ஸ்கேல் என்று பெயர். குடலை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை. நான் வாங்கியது 2, 2, 1. ஆக ஒன்பதுக்கு ஐந்து. "பாஸ்தானே டாக்டர்?" என்றேன். "ஒவ்வொரு பேப்பர்லயும் ரெண்டு வாங்கணும் சார். வலது பக்கம் ஒண்ணுமே தெரியலை. திரும்ப வாங்க."

பணம் போச்சு, லீவு போச்சு. மனைவிக்கு வாஷ்பேசின் விவகாரமும் தெரிந்து போச்சு.

இரண்டாம் தடவை மேற்பார்வை முழுக்க அவள். மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, எள்ளு, விதையுள்ள எதுவும் கிடையாது. வெள்ளைச் சோறு, தயிர், இட்லி. முதல் நாள் வெறும் தெளிந்த தண்ணீர் வகை: இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் விடாத காபி. சிவப்பு நிற ஜூஸ் கூடாது. உள்ளே ரத்தம் மாதிரி ஏமாற்றுமாம். (அயர்ன் மாத்திரை, சுகர் மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடவும்.)

முக்கியமான மாற்றம் ஒன்றுதான். ராத்திரி ஒரு லிட்டர். பாக்கி ஒரு லிட்டர் மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு. பத்து மணி டெஸ்ட்டுக்கு நடுராத்திரி எழுப்புவானேன் என்று கோபப்பட்டேன். டாக்டர் விளக்கினார்: ராத்திரியே முழுசையும் குடித்துவிட்டுத் தூங்கினால், தூங்குகிற நேரத்தில் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் கசடும் இறங்கி, கழுவின இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளும். முதலில் அழுக்காவது வலது பக்கம். காலை டோஸ் அதைத் துடைத்துவிடும். இந்தப் பாதி பாதி முறையைத்தான் இப்போது எல்லா டாக்டர்களும் விரும்புகிறார்கள். மயக்கம் கொடுப்பதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே குடித்து முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நாலு மணி. பிரிட்ஜில் குளிர வைத்தது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் நாக்குக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. கால் மணிக்கு ஒரு டம்ளர். அவள் எதிரே உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாள். மூன்றாவது டம்ளரை நீட்டும்போது கேட்டாள்: "ஏங்க... ஏதாவது இருக்குமா?"

பதில் சொல்வதற்கு முன் வயிறு கூப்பிட்டுவிட்டது. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

ஐந்தரை மணிக்கு வெளியே வந்ததும் வெறும் எலுமிச்சை நிறத் தண்ணீர்தான்.

3, 3, 2. வலது பக்கம், ஒரு மடிப்புக்குப் பின்னால், பன்னிரண்டு மில்லிமீட்டரில் ஒரு பாலிப். மொச்சைக்கொட்டை அளவு. கம்பி வளையம் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் வர ஐந்து நாள். அந்த ஐந்து நாள் பற்றி எழுதப் போவதில்லை. கேன்சர் இல்லை. விட்டிருந்தால் சில வருஷங்களில் ஆகியிருக்கக்கூடிய ரகம். முதல் தடவை தக்காளி விதை மூடியிருந்தது சாட்சாத் அதே இடத்தை.

ரத்தம் வந்தது? அது மூலம்தான். என் டயக்னோசிஸ் சரி!

மூன்று வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதே மனைவி டைரியில் குறித்துவிட்டாள், "காலை 4 மணி" என்று அடிக்கோடு போட்டு.

மாமியார் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை.

"முதல் தடவையே விளக்கெண்ணெய் குடிச்சிருந்தா ரெண்டாவது தடவை போயிருக்கவே வேணாம், மாப்பிள்ளை."