முன்வினை என்னும் பொய்

பொழுது சாய்ந்தபின் கொழும்புத்துறைக் கரையில் ஒரு சிறுவன் வழி தெரியாது தடுமாறினால், "தாய் செய்த பாவம்" என்று ஊர் தீர்ப்புக் கூறும். இதனினும் கொடிய பொய் வேறில்லை.

விழித்திரையின் கோற்கலங்களே மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தருவன. அவற்றின் நிறப்பொருள் விற்றமின் ஏ இன்றி உருவாகாது. அது குறைந்தால் மாலைக்கண் வரும். ஊட்டமுள்ள உணவு கிடைத்தால் நீங்கும். ஆங்கே குற்றவாளி வறுமை, வினையன்று.

விழித்திரை நிறமிச் சிதைவோ பரம்பரையலகின் பழுதால் வருவது. முதலில் இராப்பார்வை போகும். பின்னர் பார்வைப் புலம் குழாய்போல் ஒடுங்கும். இந்நோயின் பின்னிடைவான வகையில், கண்குறையற்ற தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதை வழங்குகின்றனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாதிப் பங்கு தந்தையுடையதாயிருக்கத் தாயை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த நீதி?

மச்சானும் மச்சாளும் பரம்பரையலகுகளில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அவர்கள் மணந்தால் ஒளிந்திருந்த பழுதுகள் சந்திக்கும் வாய்ப்பு மிகும். காணி கைமாறாதிருக்கச் சொந்தத்துள் மணம் பேசும் பெரியோர் இக்கணக்கையும் பார்க்கட்டும்!

விதியாயின் மருந்துக்கு அசையுமோ? விழித்திரை நோய் தரும் ஒரு பழுதுக்கு 2017இல் அமெரிக்காவில் பரம்பரையலகுச் சிகிச்சை அனுமதி பெற்றது. இரு கண்களுக்கும் அன்று குறித்த விலை 850,000 டொலர்! வினையின் பொய் உடைந்தது. இலாபத்தின் சுவர் நிற்கிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே! இவ்வறிவை வகுப்பறையோடு நிறுத்தாதீர். அழுதுநிற்கும் அந்தத் தாயிடம் கொண்டு செல்லுங்கள்.