கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

இன்று முகத்துவாரத்தில் பலருடைய கையடக்கத் தொலைபேசிகளில் இரண்டு சிம் அட்டைகள் உள்ளன. இந்த வசதிக்கு உரிமை கோரி, மதுரையைச் சேர்ந்த சோமசுந்தரம் ராம்குமார் என்ற தனிமனிதர் சாம்சங் போன்ற பெரும் கம்பனிகளுடன் மோதினார் என்பது பலருக்குத் தெரியாது.

2002இல் விண்ணப்பித்த அவருக்கு 2008இல் இந்தியாவில் ஆக்கவுரிமை கிடைத்தது. அதை வைத்து, இரட்டை சிம் தொலைபேசிகளின் இறக்குமதியைச் சுங்கத்தின் மூலம் தடுக்கவும் செய்தார். கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 2012இல் அறிவுசார் சொத்து மேன்முறையீட்டு வாரியம் அவரது ஆக்கவுரிமையை ரத்துச் செய்தது. முன்னரே வெளிவந்திருந்த தொழில்நுட்பத்தைத் தாண்டிய புதுமை அதில் இல்லை என்பதே முடிவு.

அமெரிக்காவின் ரொபர்ட் கேர்ன்ஸின் கதை வேறு. மழைக்கு ஏற்ப விட்டுவிட்டு இயங்கும் கார் வைப்பருக்கு அவர் 1967இலேயே ஆக்கவுரிமை பெற்றிருந்தார். 1978இல் ஃபோர்ட் கம்பனி மீது வழக்குத் தொடுத்தார். 1990இல் ஃபோர்ட் ஒரு கோடி டொலருக்கும் மேல் கொடுத்து வழக்கை முடித்தது. அதற்கு 12 வருடங்கள் பிடித்தன.

கம்பனி என்றால் திருடன், தனிமனிதன் என்றால் நியாயவான் என்று முன்கூட்டியே நாம் தீர்ப்பெழுத முடியாது. இரு இடங்களிலும் பேசியது ஆவணங்களே. ஆனால் ஆவணம் சரியாக இருந்த கேர்ன்ஸுக்கும் இத்தனை வருடங்கள் தேவைப்பட்டன என்பதுதான் என்னை உறுத்துகிறது.

எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 20 வருடப் பாதுகாப்பைத் தருகிறது. கண்டுபிடிப்பை நீங்களே பகிரங்கப்படுத்தியிருந்தால், ஒரு வருடத்துக்குள் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கு பெறும் உரிமை இலங்கைக்குள் மட்டுமே செல்லும். அதை மீறுபவர் மீது வழக்காடும் செலவோ கண்டுபிடிப்பாளரின் தலையில்தான் விழும்.

மீன்பிடித் துறைமுகத்தை அண்டிய பட்டறைகளில் படகு இயந்திரங்களுக்குப் புதிய உபாயம் காணும் இளைஞனுக்கு இந்தச் செலவு தாங்குமா? உயர்கல்விக்குப் புலமைப்பரிசில் வழங்கும் எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரி அமைப்புகளும் இதையும் யோசிக்க வேண்டும். முன்னைய ஆக்கவுரிமைகளைத் தேடிப் பார்ப்பதற்கும், விண்ணப்பத்தைச் சரியாக எழுதுவதற்கும் ஒரு சட்டத்தரணியின் கட்டணத்தை அவர்கள் பொறுப்பேற்றால், பிறகு நீதிமன்ற வாசலில் நின்று அழ வேண்டிய நிலை குறையும்.

திறமை எம்மிடம் உண்டு. அதை உரிய நேரத்தில் எழுத்தில் பதியும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.