மூல ஓலை எங்கே?

வாங்கிய கடனை அடைக்க முடியாதவனின் துயரம் பழையது. அடைத்து முடித்த கடனுக்கும், வாங்காத கடனுக்கும் பதில் சொல்ல நேர்பவனின் துயரமோ நம் காலத்துக்கு உரியது. கடன் அறிக்கைப் பிழைகளைப் பற்றிச் சில எண்ணங்களை இங்கே முன்வைக்கிறேன்.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சிபிலே இவற்றுள் மூத்தது. வங்கிகள் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து, 300 முதல் 900 வரையிலான ஓர் எண்ணை இவை நமக்கு இடுகின்றன. வீட்டுக்கடன் கிடைக்குமா, எந்த வட்டிக்குக் கிடைக்கும் என்பதையெல்லாம் அந்த எண் பெரிதும் தீர்மானிக்கிறது. நம்மைப் பற்றிய இந்தச் சரித்திரத்தில் நாம் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

பிழைகள் பலவகை. முடிந்த கடன் முடியாததாகவே நிற்கும். முழுத்தொகையும் கட்டியவரின் கணக்கு, 'குளோஸ்டு' என்பதற்குப் பதிலாக 'செட்டில்டு' என்று பதிவாகியிருக்கும். பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து வங்கி கணக்கை முடித்துக்கொண்டது என்பதே அச்சொல்லின் பொருள். அடுத்து வரும் வங்கி அதைக் கண்டால் தயங்கும். இவற்றினும் கொடியது பெயர்க் குழப்பம். தமிழருள் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னே நிற்கும், மற்றொன்றில் பின்னே நிற்கும், வேறொன்றில் முழுப்பெயராக விரியும். சுப்பிரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பான் எண்ணும் பிறந்த தேதியும் கவனமாக ஒப்பிடப்படாவிடில், ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் விடியும்.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. 2011இல் கலிபோர்னியாவில் கார் வாங்கச் சென்ற ஒருவரின் அறிக்கையில், அவர் பெயர் அமெரிக்க அரசின் தடைப்பட்டியலில் உள்ள பெயருடன் பொருந்துவதாக எச்சரிக்கை இருந்தது. அப்பட்டியலில் பயங்கரவாதிகளும் போதைமருந்துக் கடத்தல்காரர்களும் இடம்பெறுவர். டிரான்ஸ்யூனியன் ஒப்பிட்டது முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் மட்டுமே. அதே நிலையில் இருந்தோர் 8,185 பேர் சார்பாக வழக்கு நடந்தது. 2021இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கோரும் தகுதி உண்டு என்று கூறிவிட்டது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், பிழையைத் திருத்தக் கோரும் உரிமையை நமக்கு அளிக்கிறது. திருத்த 30 நாள் கெடுவும் விதிக்கிறது. 2024 ஏப்ரல் முதல், கெடு தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. வரவேற்கத்தக்கதே. ஆனால் இந்த இழப்பீடு தாமதத்துக்கு மட்டுமே. கெடுவுக்குள் 'எங்கள் பதிவு சரியானதே' என்று வங்கி சொல்லிவிட்டால் நூறு ரூபாயும் இல்லை. ஏனெனில் வங்கி சான்றளித்த பிறகே திருத்தம் செய்யலாம் என்கிறது அதே சட்டம். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை வங்கியின் பேரேடே செல்லும் என்றும் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியும் நீதிபதியுமாக அமர்ந்திருக்கும் விந்தை இது.

பெரியபுராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. சுந்தரரைத் தம் அடிமை என்று ஒரு முதிய அந்தணர் ஓலையோடு வருகிறார். ஓலை, சுந்தரரின் பாட்டனார் ஆரூரன் எழுதியதாம். பேரனுக்கும் அதே பெயர். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் வந்தவரின் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. வழக்கம், ஆவணம், சாட்சி மூன்றில் ஒன்றால் நிறுவுமாறு கேட்கிறார்கள். படி ஓலை கிழிக்கப்பட்டதால் மூல ஓலை வர வேண்டியிருந்தது. அதன் கையெழுத்தைப் பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்ட பின்பே தீர்ப்பளித்தார்கள். கேட்டு வந்தவர் இறைவனேயானாலும், நிறுவும் கடமை அவருடையதாகவே இருந்தது.

இன்று அக்கடமை கடனாளியின் தோளில் ஏறிவிட்டது. எதிர்ப்பு எழுந்தால் கடன் ஒப்பந்தத்தையும் கணக்கு விவரத்தையும் வங்கியே காட்ட வேண்டும். காட்ட இயலாத பதிவு நீக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. கடனை ஏய்ப்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பர் சிலர். விசாரணை முடியும்வரை பதிவு, 'எதிர்ப்புக்குரியது' என்ற குறிப்போடு நிற்கட்டும். ஆவணம் உள்ள வங்கிக்கு இதனால் என்ன இழப்பு?

சட்டம் மாறும்வரை நாம் விழிப்பாயிருப்பதே வழி. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கிடமும் கேட்டுப் பெறுங்கள். கடன் முடிந்ததும் 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிழை கண்டால் வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள்; மனநிறைவு இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துள்ளன. முறையிடும்போது மூல ஓலையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை.