மைக்குக்கு மரியாதை, மனிதன் காதுக்கு?

வெண்திரையில் கதாநாயகி முணுமுணுத்தால் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிறது. அந்த ஒலியை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பவனும் ஒரு தொழிலாளிதான். அவனுடைய தொழிலில் மில் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல், 'காளிதாஸ்' படத்துடன். அன்றே சினிமா முதலாளிகளுக்குத் தலைவலி பிடித்தது. மைக்குக்கு வேண்டியது வேண்டாதது தெரியாது. வசனத்தோடு காக்கை கரைவதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்த ஒலி மின்சாரமாகி, மின்சாரம் ஒளியாகி, பிலிம் ஓரத்தில் கோடாகப் பதியும். ஒரு காக்கை கத்தினால் அத்தனை பிலிமும் வீண்! ஆகவே காக்கை விரட்ட ஆள் வைத்தார்கள். காமிராவின் இரைச்சலை அடக்க அதற்குக் கூண்டு செய்தார்கள். சுவர்களுக்கு ஒலியை உறிஞ்சும் உறை போட்டார்கள்.

இந்தத் தொழில் நம் கோயமுத்தூரிலும் நடந்தது. சென்ட்ரல் ஸ்டூடியோவில் 'ராஜகுமாரி' (1947), பட்சிராஜா ஸ்டூடியோவில் 'மலைக்கள்ளன்' (1954) ஆகிய படங்கள் எடுக்கப்பட்டன. இன்று பிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. ஆனாலும் டப்பிங் அறையில் வெளிச்சத்தம் நுழைய விடுவதில்லை.

தோழர்களே, அதே ஊரில், அதே காலத்தில், மில்லுக்குள் நடந்தது என்ன? விசைத்தறி நாடா இடித்தது. ரிங் பிரேம் அலறியது. தொழிலாளியின் காதுக்கு எந்த முதலாளி உறை போட்டான்?

காரணம் தெளிவு. மைக் கெட்டால் முதலாளிக்கு நஷ்டம். காது கெட்டால் நஷ்டம் தொழிலாளிக்கு!

இரைச்சலில் உட்காதின் நுண்மயிர் அணுக்கள் சாகின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் கூர்மையான ஒலிகள் போகும். பேச்சுக் கேட்கும், சொல் புரியாது. வீட்டில் பேரக்குழந்தை கூப்பிட்டால் "என்ன? என்ன?" என்று கேட்க வேண்டியதுதான். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்று தொழிற்சாலை விதிகள் எல்லை வகுத்தன. இரைச்சலால் வரும் செவிட்டை நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோயாகச் சட்டமும் ஏற்றது. ஆனால், "உனக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபமல்லவா? டிராக்டரிலும் கதிரடிக்கும் மெஷினிலும் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கோ அந்த விதியின் நிழல்கூட இல்லை.

நாம் கேட்பது தர்மம் அல்ல. தேய்ந்த பாகத்தை மாற்று. மெஷினுக்கு அடியில் ரப்பர் போடு. இரைச்சல் மெஷினைத் தனியே மறை. காதடைப்பான் கொடுத்துவிட்டுக் கைகழுவாதே. இரைச்சலை அளந்து கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டு. ஆண்டுக்கொரு முறை நிர்வாகச் செலவில் காதைப் பரிசோதி.

சென்னை சினிமாத் தொழிலாளருக்கும் உரிமை தானாக வரவில்லை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், காமிராக் கலைஞர் நிமாய் கோஷ் போன்றோர் முன்நின்று சங்கம் கட்டினார்கள். பிறகுதான் பேரம் பேச முடிந்தது.

மேட்டுப்பாளையம் முதல் கோயமுத்தூர் வரை மில் வாசல்தோறும் இந்தக் கோரிக்கை எழட்டும். சங்கக் கூட்டத்தில் கூலியோடும் போனசோடும் காதையும் சேர்த்துப் பேசுவோம்!