ரூபாயைக் கேள்விக்குறி ஆக்காதீர்கள்!

அருவங்காட்டில் எங்கள் தெருவில் டீத்தூள் விற்கும் அண்ணன் ஒருவர், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி வெப்சைட்டும் வைத்திருக்கிறார். வெப்சைட்டைப் புதிய சர்வருக்கு மாற்றிய மறுநாள், விலைப் பட்டியலில் ₹ இருந்த இடத்தில் எல்லாம் தொப்பி போட்ட ஆங்கில எழுத்து, ஒரு கமா, ஒரு குட்டி 1 என்று மூன்று எழுத்துகள் வந்து நின்றன. "கிலோ 240 ரூபாய்த் தூளை 1240 என்று படிக்கிறாங்க தம்பி!" என்று பதறினார். வைரஸ் என்று சொல்லி கம்ப்யூட்டரை பார்மட் செய்யச் சொன்னவர்களும் உண்டு.

பார்மட் செய்து ஒரு பயனும் இல்லை. கோளாறு அவர் கம்ப்யூட்டரிலேயே இல்லை.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்கள்தான் தெரியும். ₹ குறியீட்டை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். மத்திய அமைச்சரவை இதை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது; அதே ஆண்டு அக்டோபரில் யுனிகோட் 6.0-இல் இடம் பிடித்தது. யுடிஎப்-8 முறையில் இதை 226, 130, 185 என்ற மூன்று எண்களாகச் சேமிக்கிறோம். படிக்கும் சாப்ட்வேர் இவற்றைப் பழைய விண்டோஸ்-1252 முறை என்று நினைத்துவிட்டால், மூன்றையும் தனித்தனி எழுத்தாகக் காட்டும். தமிழ் எழுத்துகளுக்கும் இதே கதிதான்.

பலர் இதற்குச் செய்யும் வைத்தியம், அந்தக் குப்பை எழுத்துகளைத் தேடி 'ரூ.' என்று மாற்றிவிடுவது. இது தவறு என்பது என் கருத்து. நோய் உள்ளேயே இருக்கும், அடையாளம்தான் அழியும்.

அண்ணனின் டேட்டாபேஸில் நடந்தது இதுதான். மைஎஸ்க்யூஎல் 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாம் வேறு சொல்லாவிட்டால் டேபிள்களை 'லேட்டின்1' என்றே உருவாக்கியது. அந்த டேபிளில் யுடிஎப்-8 எண்கள் இத்தனை நாள் சத்தமில்லாமல் தங்கியிருந்தன. புதிய சர்வரில் இணைப்பை மட்டும் யுடிஎப்-8 ஆக்கியதும் பழைய விலைகள் குப்பையாகத் தெரிந்தன. புதிதாகத் தமிழில் வந்த முகவரிகளோ வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாயின.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். குப்பை எழுத்தை மீட்கலாம். எண்கள் பத்திரமாக இருக்கின்றன. முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு அந்தப் பகுதியை 'பைனரி' ஆக்கி, அதன்பின் 'யுடிஎப்8எம்பி4' என்று அறிவிக்க வேண்டும். எண்களைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறோம். நேரடியாக 'கன்வர்ட்' செய்தால் குப்பையே நிரந்தரமாகிவிடும். ஆனால் கேள்விக்குறியை மீட்க முடியாது. அங்கே 63 என்ற எண்தான் இருக்கும். பழைய எழுத்து போனது போனதுதான். நாங்கள் 11 பேருக்குப் போன் போட்டு முகவரியை மறுபடி கேட்டு வாங்கினோம்.

வெறும் 'யுடிஎப்8' போதாதா என்கிறீர்களா? மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயர் கொண்ட பழைய முறை ஓர் எழுத்துக்கு மூன்று எண்கள் வரைதான் ஏற்கும். ₹ அதில் அடங்கும். ஸ்மைலிகளுக்கும், 2019-இல் யுனிகோட் 12.0-இல் சேர்ந்த முந்திரி போன்ற தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு எண்கள் வேண்டும்.

எனவே வெப்சைட் செய்து தருபவருக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ₹, உங்கள் பெயர் தமிழில், ஒரு ஸ்மைலி: மூன்றையும் ஒரே வரியில் டைப் செய்து சேமிக்கச் சொல்லுங்கள். பேக்கப் எடுத்து, அதை வேறோர் இடத்தில் திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் அப்படியே வந்தால் பணத்தைக் கொடுங்கள். கேள்விக்குறி வந்தால், கேள்வி கேளுங்கள்!